அந்தப் பாறை அசைந்ததா?

வேட்டைக்குப் போகிறவர் ஒரு நாளில் அதிக நேரம் என்ன செய்வார்? சுடுவார் என்பீர்கள். நடப்பார் என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டும் இல்லை, உட்கார்ந்திருப்பார். ஈரப் புல்லில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைப் போட்டு, முழங்கால்களை மடக்கி, கண்ணில் பைனாகுலரை வைத்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம்கூட.

நியூசிலாந்தின் தென்தீவில் டிமாரு என்ற ஊரில் வாழும் என் அண்ணனைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். பெரியப்பா மகன். கிள்ளானில் வளர்ந்தவர், அங்கே லாரி மெக்கானிக்காக இருக்கிறார். குளிர்காலம் வந்தால் வார இறுதியில் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். “வருஷத்துக்கு ரெண்டு மான் கிடைச்சாப் போதும், கறிக்கடைப் பக்கமே போக வேணாம்” என்பார். எங்கள் அம்மாவுக்கு இது அறவே பிடிக்காது. “வள்ளி மான் வயித்துல பொறந்தவடா, ஞாபகம் இருக்கா?” என்று தொலைபேசியிலேயே அவரை மடக்குவார். அண்ணனும் விட மாட்டார். “அவளை எடுத்து வளர்த்தவரே வேட்டைக்காரர்தானே சித்தி!”

அந்த வழக்கை இன்றுவரை யாரும் தீர்க்கவில்லை. நானும் இங்கே தீர்க்கப் போவதில்லை. துப்பாக்கியைப் பற்றியும் எழுதப் போவதில்லை. நம் நாட்டில் அதைத் தொடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது அவர் கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பற்றி. வானொலியில் பயணம் பற்றிப் பேசும்போதெல்லாம் “எந்த பைனாகுலர் வாங்கலாம்?” என்று நேயர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் கேட்ட விடைகளில் மிகத் தெளிவானது அந்த மலையடிவாரத்தில்தான் கிடைத்தது.

முதலில் அங்கே ஏன் வேட்டை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் நிலத்தில் இயற்கையாக இருந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. மான்கள் 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. இமயமலைத் தார் என்ற காட்டு ஆடு 1904இல் வந்தது. ஷாமுவா என்ற ஐரோப்பிய மலையாடு 1907இல் வந்தது. இவற்றைப் பிடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ அங்கே இல்லை. பெருகிக்கொண்டே போய், வேறெங்கும் வளராத மலைச் செடிகளை மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையே பொது நிலங்களில் வேட்டையாட இலவசமாக அனுமதிச் சீட்டு தருகிறது. இந்தத் தாருக்கு நம் பக்கத்தில் ஓர் உறவு உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடும் இதுவும் ஒரே பேரினம் என்றுதான் அறிவியலார் முன்பு வைத்திருந்தார்கள், பிறகுதான் பிரித்தார்கள். ஒன்றைக் காப்பாற்றப் படாத பாடு படுகிறார்கள், மற்றதைக் குறைக்கப் படாத பாடு படுகிறார்கள்.

டெக்கப்போ ஏரிக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அந்த நிலம் நினைவிருக்கும். மெக்கன்சி சமவெளி. மரமே கிடையாது. பொன்னிறத்தில் குத்துக்குத்தாக வளர்ந்த டஸ்ஸக் புல், அதற்கு மேலே சரளைச் சரிவு, அதற்கும் மேலே பனி. நம் காட்டில் இருபது அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை முழுவதும் திறந்து கிடக்கும். தெரிகிற எல்லாமே பழுப்பு. பாறை, புல், மான் மூன்றும் ஒரே நிறம்.

இவ்வளவு தூரம் பார்க்க வேண்டுமென்றால் மிகப் பெரிதாகக் காட்டும் கருவிதானே வேண்டும்? கடைக்காரரும் இணைய விளம்பரமும் நம்மை இழுக்கும் இடம் இதுதான். 30 மடங்கு, 60 மடங்கு, 100 மடங்கு! அண்ணன் கையில் இருப்பதோ 10 மடங்குதான்.

எனக்கு இதை வானொலியை வைத்துச் சொல்வதுதான் எளிது. அலை சரியாகக் கிடைக்காத இடத்தில் காரில் பாட்டு கேட்கிறீர்கள். சத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? பாட்டும் கூடும், இரைச்சலும் கூடும். உருப்பெருக்கமும் அப்படித்தான். 20 மடங்கு பெரிதாக்கினால் உங்கள் கையின் நடுக்கமும் மூச்சும் இதயத் துடிப்பும் சேர்ந்தே 20 மடங்கு பெரிதாகும். கையில் பிடித்துப் பார்க்கப் பெரும்பாலோருக்கு 8 வசதி, 10 எல்லை. அதற்கு மேல் போனால் மலை குதிக்கத் தொடங்கும்.

பைனாகுலரின் உடம்பில் 8x42, 10x42 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மானை 10 மடங்கில் பார்ப்பது, வெறுங்கண்ணால் 100 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42ஐ 10ஆல் வகுத்தால் 4.2. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பைனாகுலரைக் கை நீட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண் வைக்கும் பக்கத்தில் சின்ன வட்டமாக அதைக் காணலாம்.

அதனால் என்ன என்கிறீர்களா? நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். எந்தப் பைனாகுலரும் போதும். ஆனால் மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான். இருட்ட இருட்டக் கண்மணி விரியும், வரும் கற்றை சிறியதாக இருந்தால் படம் மங்கும். சட்டைப்பையில் அடங்கும் 8x25 நண்பகலில் அழகாக இருந்துவிட்டு, மாலை ஆறு மணிக்குக் கைவிடுவது இதனால்தான். பார்க்கும் பரப்பிலும் வித்தியாசம் உண்டு. ஆயிரம் மீட்டர் தூரத்தில் நல்ல 8x42 ஏறக்குறைய 130 மீட்டர் அகலத்தைக் காட்டும், 10x42 ஏறக்குறைய 110 மீட்டரைக் காட்டும். பெரிதாக்கினால் சுருங்கும், தப்பவே முடியாது.

அப்படியானால் காசு எதற்குக் கொடுக்கிறோம்? சில நூறு ரிங்கிட்டுக்கும் 10x42 கிடைக்கிறது, பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டியும் கிடைக்கிறது. எண் ஒன்றுதான். வித்தியாசம் கண்ணாடியிலும், அதன் மேல் பூசும் பூச்சிலும், உள்ளே இருக்கும் பட்டகத்திலும். மலிவானதில் மலை விளிம்புக்கும் வானத்துக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடும். படத்தின் நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருந்து ஓரம் குழையும். ஐந்து நிமிடம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் பார்த்தால் தலை வலிக்கும், தலை வலித்தவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார். “நல்ல கண்ணாடி தூரமா காட்டாதும்மா, ரொம்ப நேரம் பார்க்க விடும். அவ்வளவுதான்” என்றார் அண்ணன். விலையுயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை, நடுத்தர விலையில் இப்போது நல்லவை வருகின்றன என்பதும் அவர் சொன்னதுதான். அண்ணிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

அவர் பணம் போடச் சொல்லும் அடுத்த பொருள் யாரும் எதிர்பாராதது: முக்காலி. பல பைனாகுலர்களின் நடு அச்சில், முன்பக்கம், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே மரை. அதில் ஒரு சிறு இணைப்பியைப் பூட்டி, புகைப்படக்காரர்கள் வைக்கும் முக்காலியில் நிறுத்தலாம். நான் முதன்முறை அப்படிப் பார்த்தபோது மலை சட்டென்று நின்றுவிட்டது. கையில் பிடித்தபோது வெறும் புல்லாக இருந்த இடத்தில் ஒரு காது மட்டும் ஆடியது. காதைக் கண்ட பிறகு முகம் தெரிந்தது. முகத்தைக் கண்ட பிறகு பக்கத்திலேயே படுத்திருந்த இன்னும் மூன்று மான்கள் தெரிந்தன. அதே கருவி, அதே கண், நடுக்கம் மட்டும் இல்லை.

பார்ப்பதிலும் முறை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத் தாழ்ந்து போகும். அதனால் வடக்கு நோக்கிய சரிவுதான் முதலில் சூடாகும், விலங்குகள் அங்கேதான் வெயில் காய வரும். முதலில் பக்கத்தைப் பார்ப்பார், பிறகுதான் தூரத்தை. நாம் எல்லோரும் எடுத்தவுடன் மலை உச்சிக்குப் போவோம், மான் காலடியில் எழுந்து ஓடும். பிறகு சரிவை நாளிதழின் பத்திகளைப் போலப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். முழு மானைத் தேட மாட்டார். செங்குத்தான புல்லுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். வெளிறிய ஒரு திட்டு பின்புறமாக இருக்கலாம். பாறையில் கறுப்பாக ஒரு கட்டி, கழுத்தைச் சுற்றி வைக்கோல் நிறப் பிடரி என்றால் ஆண் தார்.

இந்த இடத்தில்தான் ஒரு சந்தேகம் எழும். துப்பாக்கியின் மேலேயே ஒரு ஸ்கோப் இருக்கிறதே, அதுவும் பெரிதாகத்தானே காட்டுகிறது, பைனாகுலர் எதற்குத் தனியாக? செலவும் மிச்சம், சுமையும் மிச்சம்.

நான் கூட இருந்த ஒரு ஜூன் மாத மாலையைச் சொல்கிறேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஓடையின் ஓரம், புதர் முடியும் இடத்தில், முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளி ஒரு பழுப்புப் பாறை. எங்களோடு வந்த அண்ணனின் நண்பர், “அந்தப் பாறை அசைஞ்சதா?” என்று கிசுகிசுத்தார். அசைந்தது. தாழ்ந்தது, உயர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. மான் தண்ணீர் குடிப்பதைப் போலவே. நண்பருக்கு மூச்சு வேகமானது, எனக்கும்தான். அண்ணன் துப்பாக்கியைத் தொடவில்லை. முக்காலியைத் திருப்பினார், பைனாகுலரைச் சரிசெய்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய பத்து நிமிடம். “தலையைக் காட்டட்டும்” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பிறகு அந்தப் பாறை நிமிர்ந்து எழுந்து, தண்ணீர்ப் போத்தலை மூடி, பழுப்பு ஜாக்கெட்டின் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு காலில் நடந்து போனது.

யாரும் பேசவில்லை. காரில் ஏறிய பிறகும் வெகுநேரம் பேசவில்லை.

துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப் வழியாக ஒன்றைப் பார்ப்பது என்றால், அதன் மேல் துப்பாக்கியை நீட்டுவது என்று பொருள். அது என்ன என்று தெரிவதற்கு முன்பே நீட்டியாகிவிட்டது. விரல் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் மிச்சம். நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமம் எடுப்போருக்குச் சொல்லித்தரும் ஏழு பாதுகாப்பு விதிகளில் ஒன்று, இலக்கை எந்தச் சந்தேகமும் இல்லாமல் அடையாளம் காண வேண்டும் என்பது. இந்த விதி ஏட்டில் பிறந்ததல்ல. மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. தலையில் மாட்டிய விளக்கின் ஒளியை மானின் கண் என்று எண்ணிச் சுட்டதும் உண்டு. பல சமயம் சுடப்பட்டவர் முன்பின் தெரியாதவர் அல்ல, அதே குழுவில் வந்த நண்பர், உறவினர். காலையில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள்.

மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதைக் கண் காட்டிவிடுகிறது. நாள் முழுக்க மானைத் தேடியவருக்கு, மாலையில் எல்லாமே மான்தான். நண்பர் அன்று பார்த்தது பொய்யில்லை, அவர் உண்மையாகவே ஒரு மானைப் பார்த்தார். அண்ணன் தேடியதோ, அது மான் இல்லை என்பதற்கான அடையாளத்தை. தலை, கொம்பு, கால், முழு உடம்பு எல்லாம் தெரிந்து, வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று ஆகும் வரை அவருக்கு அது பாறைதான். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நல்ல கண்ணாடியும் அசையாத முக்காலியும் வேண்டும்.

இதே காரணத்தால்தான் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவிகள்மேல் அவருக்கு அரை நம்பிக்கை. இப்போது அவை அங்கே வேட்டைக்காரர்களிடம் பரவலாக இருக்கின்றன. புதருக்குள் இருக்கும் சூட்டை வெள்ளைப் பொட்டாகக் காட்டிவிடும், கண்டுபிடிக்க அருமையான கருவி. ஆனால் வெயிலில் கிடந்த பாறையும் சூடு, ஆடும் சூடு, மனிதரும் சூடு. அங்கே ஏதோ இருக்கிறது என்று அது சொல்லும். என்ன என்பதைப் பைனாகுலர்தான் சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே போக ஸ்பாட்டிங் ஸ்கோப் உண்டு. ஒற்றைக் கண்ணால் பார்க்கும் குட்டித் தொலைநோக்கி, 20 முதல் 60 மடங்கு வரை. ஆணா பெண்ணா, வயது என்ன, அந்த மலையை ஏறுவது வீணா என்று இங்கிருந்தே முடிவு செய்ய உதவும். முக்காலி இல்லாமல் அதற்கு வாழ்வில்லை, இரண்டும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்றில் படம் நெளியும், 40 மடங்குக்கு மேல் பெரும்பாலும் கானல்தான். முதல் கருவியாக இதை வாங்காதீர்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஃபிரேசர் மலையில் பறவை பார்க்கவும், கோலசிலாங்கூரில் லுத்தோங் குரங்குகளைப் பார்க்கவும், டெக்கப்போ பயணத்துக்கும் ஒரே ஒரு பைனாகுலர் என்றால் 8x42. நம் காடு இருட்டு, பறவை நொடியில் பறந்துவிடும். பரந்து காட்டுவதும் வெளிச்சமாகக் காட்டுவதும்தான் இங்கே முக்கியம். 10 மடங்கு திறந்தவெளிக்காரருக்கு. மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால், கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்ற அளவைக் கேளுங்கள். ‘ஐ ரிலீஃப்’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். 16 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் உங்களுக்குச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதைப் போல இருக்கும். சிறு பிள்ளைகளின் கண்கள் நெருக்கமாக இருக்கும், பெரிய பைனாகுலர் அந்த அளவுக்கு மடங்காமல் போகலாம். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் பைனாகுலரில் 30x60 என்று எழுதியிருந்தால் ஓர் அடிக்கோலை எடுத்து முன் லென்ஸை அளந்து பாருங்கள். 60 மில்லிமீட்டர் என்றால் ஆறு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளந்த பிறகு மற்ற எண்ணையும் எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைக்குள் சுவரைப் பார்த்து வாங்காதீர்கள். வாசலுக்கு வந்து, முடிந்தால் மாலை நேரத்தில், தூரத்துக் கூரை விளிம்பையும் மின்கம்பியையும் பாருங்கள். ஊதாக் கோடு தெரிகிறதா, ஓரத்து எழுத்தைப் படிக்க முடிகிறதா? வாங்கிய பிறகு பலரும் செய்யாத ஒன்று உண்டு. வலது லென்ஸை மூடி, இடது கண்ணால் மட்டும் தூரத்துப் பெயர்ப்பலகையை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் சின்ன வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். சில வகைகளில் அந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பார்ப்பவர் நம்மில் குறைவு. இதைச் செய்யாமல் “இந்தப் பைனாகுலர் சரியில்லை” என்று அலமாரியில் போட்டவர்கள் நிறையப் பேர்.

அலமாரி என்றதும் நினைவு வருகிறது. அண்ணனுக்கு எதிரி பனி, நமக்குப் பூஞ்சை. நம் ஈரக் காற்றில் மூடிய பைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் லென்ஸில் சிலந்திவலை போலப் படரும், பூச்சையே அரித்துவிடும். உலர் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைக் காயவைத்து மறுபடி போடலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படிந்தால் சட்டை நுனியால் துடைக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் தானே போய்விடும். மண், தூசி இருந்தால் முதலில் ஊதித் தள்ளிவிட்டு, அதன் பிறகே லென்ஸ் துணியைத் தொடுங்கள்.